கழித்துப் போட்ட அழுகை

ஜூன் 4

அன்புள்ள பொடிசுக்கு,

முப்பத்தொரு வயதுக்காரியைப் பொடிசு என்று கூப்பிடலாமா என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. முறைத்துக்கொள், ஆனால் கடிதத்தைக் கிழித்துவிடாதே. இரண்டு வருடமாக வீட்டு விலாசத்துக்கு எழுதியதெல்லாம் பிரிக்காமலே திரும்பி வந்தது, ஒவ்வொரு உறையின் மேலும் உன் கையெழுத்தில் ‘பெற்றுக்கொள்ள விருப்பமில்லை’ என்று. அதனால் இதை நீ எழுத்துக் கோர்க்கும் அச்சுக்கூடத்துக்கு, உங்கள் போர்மேன் பார்வைக்கு அனுப்புகிறேன். அவரிடம் திருப்பிக் கொடுத்தால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள். உனக்கு அது பிடிக்காது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என் பிழைப்பு முடிந்துவிட்டது. பதினோரு வருடம், இருபத்தாறு படம். ராணியாக ஏழு தடவை, பிச்சைக்காரியாக நான்கு தடவை, ஆற்றில் விழுந்து செத்தது மூன்று தடவை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வாரம் ஜலதோஷம் பிடித்தது. இப்போது படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. எனக்கும் ஒரு பேசும் படம் கொடுத்துப் பார்த்தார்கள். மேஜைமேல் பூஜாடிக்குள் ஒலிவாங்கியை ஒளித்து வைத்துவிட்டு, தலையைத் திருப்பாமல் பேசு என்றார்கள். காதலனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் பூவிடம் சொன்னேன். போன மாதம் படம் வந்தது. சரியாகப் போகவில்லை. குரல் முகத்துக்குப் பொருந்தவில்லையாம். “கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்” என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாதவளா நான்?

கம்பெனி கொடுத்த வீட்டை ஜூலை முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். நான் வீட்டுக்கு வரட்டுமா? அம்மாவின் அறை போதும். சமைப்பேன், துவைப்பேன், உன் வாயைக் கிளறமாட்டேன்.

அம்மா போனபோது வராதவள் இப்போது எந்த முகத்தோடு கேட்கிறாள் என்று நீ நினைக்கலாம். அதற்கு என்ன திட்டினாலும் தகும். ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதம் நீ எழுதிக்கொண்டுதான் இருந்தாய். திட்டித்தான் எழுதினாய், ஆனாலும் எழுதினாய். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டாய். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் நடிப்புத் தேர்வுக்குப் போன கதையை உனக்கு எழுதியிருக்கிறேனா? “வாயத் தொறக்காம, பக்கத்து வீட்ல தீப்பிடிச்சிருச்சுன்னு சொல்லு பாப்போம்” என்றார் இயக்குநர். சொன்னேன். அறையிலிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். “எங்கம்மா கத்துக்கிட்டே இத?” என்று கேட்டார். காய்ச்சலில் காது போன ஆறு வயதுத் தங்கைக்குத் தெருச்சண்டை முழுவதையும் முகத்தாலேயே சொன்னவளுக்குத் தனியாக யார் கற்றுக்கொடுக்க வேண்டும்? அப்போது எனக்கு ஒன்பது வயது. நீ சிரிக்கும்வரை விடமாட்டேன். என் பிழைப்பே உன்னிடமிருந்து வந்ததுதான்.

வாசல் கயிறு இன்னும் இருக்கிறதா? வெளியே இழுத்தால் அடுக்களையில் சிவப்புத் துணி ஆடுமே, உனக்காக அப்பா கட்டியது. என் குரல் உனக்குக் கொஞ்சமாவது நினைவிருக்கிறதா?

உன் அக்கா


ஜூன் 13

மதிப்பிற்குரிய திரை நட்சத்திரம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. போர்மேன் எதிரிலேயே நின்றதால் பிரிக்க வேண்டியதாயிற்று. தங்களுடைய தந்திரம் பலித்தது.

கேட்டதற்குப் பதில்: வர வேண்டாம். அம்மாவின் அறையை ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ஒரு தையல்காரிக்கு வாடகைக்கு விடுகிறேன்.

காரணம் தெரியாதாமே. சொல்கிறேன். இதை ‘தாங்கள்’ போட்டு எழுத என்னால் முடியாது.

அம்மா போய் ஆறாவது வாரம் உன் படம் இங்கே வந்தது. அதற்குத் துண்டறிக்கை அடித்தது எங்கள் அச்சுக்கூடம்தான். ‘கல்லும் கரையும் கடைசிக் காட்சி’ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கியவள் நான். தாயைப் பறிகொடுக்கும் மகளாக நீ நடித்திருக்கிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள். நிஜ அம்மாவைப் பார்க்க வராதவள், இந்த வழியிலாவது அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் போனேன். முதல் நாளே போனேன்.

உன் உதட்டில் கறுப்பாகச் சாயம் பூசியிருந்தார்கள். படிக்க எனக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. தாயாகப் படுத்திருந்த கிழவியின் மார்பில் கை வைத்து, கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய நீ சொன்னது இதுதான்: “செருப்பு கடிக்குது. சாயங்காலம் கடைக்குப் போணும். கறுப்பு வேணாம், பழுப்புல வாங்கிக்கலாம்.” நடுவில் திரையில் எழுத்து அட்டை வந்தது: ‘தாயே, இனி எனக்கு யார் துணை?’ அட்டை போனதும் மறுபடி நீ: “போன தடவ மாதிரி ஒரே மாசத்துல பிஞ்சிரக் கூடாது.”

எனக்கு முன்னால் இருந்த பெண் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அரங்கமே அழுதது. அத்தனை பேரும் அட்டையைப் படித்தார்கள், நான் உன்னைப் படித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் கடிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டேன்.

வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மூன்று மாதம் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்பதால் அவள் விரலுக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு கயிறு. ஒரு இழுப்பு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்டிப் படுக்க வை. அந்தக் கயிற்றின் தழும்பு என் கையில் இருக்கிறது. உன் காலில் செருப்புக் கடித்த தழும்பு இருக்கும்.

இனி அச்சுக்கூடத்துக்கு எழுதாதே.

வாசல் கயிறு இருக்கிறது. பால்காரர் இழுக்கிறார்.


ஜூன் 20

பொடிசு,

மன்னித்துக்கொள், அச்சுக்கூடத்துக்கே எழுதுகிறேன். உன் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பதினோரு வருடமாக என்னென்னவோ பேசியிருக்கிறேன். கட்டித் தழுவும் காட்சியில், ‘வெங்காயம் தின்னுட்டு வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது’ என்று கதாநாயகரைத் திட்டியிருக்கிறேன். எல்லோரும் இப்படித்தான். ஒருத்தி படித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் விரலை என் உதட்டின்மேல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக உனக்குச் சொல்லித் தந்தவளே நான். என்னைவிடப் பெரிய மடச்சி இருப்பாளா?

நீ படித்ததில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்று நடந்ததை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

காலை பதினோரு மணிக்கு உன் தந்தி வந்தது. ‘அம்மா கவலைக்கிடம் புறப்படு.’ அப்போது முகம் முழுக்க மஞ்சள் ஒப்பனைப் பூச்சோடு நாற்காலியில் இருந்தேன். அன்றைக்கு எடுக்க வேண்டியதே அந்தச் சாவுக் காட்சிதான். காலை வண்டி போய்விட்டிருந்தது, இனி மாலை வண்டிதான். “நாளைக்கு இந்த செட்டப் பிரிச்சிருவாங்க. எடுத்துக் குடுத்துட்டுப் போயிரு. தந்திய மனசுல வச்சுக்க, அழுக தானா வரும்” என்றார் இயக்குநர்.

வந்தது. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் மூக்கு ஒழுகி, வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து அழுதேன். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். “மூஞ்சி கோணுதுங்க. தெரையில பெருசாப் பாத்தா சிரிச்சிருவாங்க” என்றார். இயக்குநர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அழுக அழகா இல்லம்மா” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தொழில் அது.

சாகும் தாயாகப் படுத்திருந்த வயதான நடிகையைப் பெரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் போர்வைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்தார். “வண்டியப் பிடிக்கணும்ல? நெஞ்சுல இருக்கிறதத் தொடாத. வேற எதாவது பேசு. செருப்பப் பத்திப் பேசு.” கண்ணில் கிளிசரின் விட்டார்கள். செருப்பைப் பற்றிப் பேசினேன். முகம் ஒழுங்காக அழுதது. நான்காவது தடவை எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒப்பனையைக் கலைக்கும்போது இரண்டாவது தந்தி வந்தது.

இதற்கு மேல் நடந்ததற்குச் சமாதானம் கிடையாது. ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் எடுத்தேன். வண்டி வந்து நின்றது, கிளம்பிப் போனது. நான் பெஞ்சிலேயே இருந்தேன். உனக்குப் பயந்தேன். நீ ஒருத்திதான் என் முகத்தை முழுக்கப் படிக்கத் தெரிந்தவள். அன்று என்னிடம் மிச்சம் இருந்தது அந்த நான்காவது அழுகை மட்டும்தான். அதை உன் முன்னால் கொண்டுவந்து காட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. கோழைத்தனம்தான். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

உன் அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்கு உதைக்கிறது. நீ நன்றாகச் செய்வதை நம்பி ஒரு தடவை ஏமாந்தவள் நான். நான் காகிதத்தோடு வேலை பார்ப்பவள். எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். மூன்று தடவை நிஜமாக அழுதேன் என்கிறாய். நான் பார்த்தது நான்காவதை மட்டும். எனக்குக் காதும் கண்தான், சாட்சியும் கண்தான்.

உன் பேசும் படம் இங்கே வந்தது. மூன்று நாள்தான் ஓடியது. பார்ப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். போர்மேன் தன் மனைவியோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். எழுத்து அட்டை ஒன்றுகூட இல்லை. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். நீ பாதி நேரம் பூஜாடிக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்திருந்தாய். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் கதை என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் எனக்கும் அடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்த ஒரே இடம் அந்த அரங்கம்தான். அதுவும் போயிற்று.

நீ கறுப்பு உடையில் தனியாக நிற்கும் காட்சியில் முன்வரிசைத் தோள்களெல்லாம் குலுங்கின. அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் திரும்பினால் போர்மேனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஏன் என்று கையாட்டிக் கேட்டேன். போர்மேன் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு சொல் எழுதிக் காட்டினார்: ‘குரல்.’

படம் சரியாகப் போகவில்லை என்று மட்டும்தானே எழுதினாய். சிரித்தார்கள் என்று எழுதவில்லையே.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்த அத்தனை பேரையும் நாலு சாத்து சாத்தலாம் போல வந்தது. அந்தக் கோபம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தையல்காரி வந்து அறையைப் பார்த்துவிட்டாள். ஜன்னல் பக்கம் இயந்திரம் போடுவதாகச் சொன்னாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

தங்கை


ஜூலை 11

பொடிசு,

இதோடு ஒரு தகரப் பெட்டி வரும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே. உள்ளே இருக்கும் படச்சுருள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

படங்களை வெட்டி ஒட்டும் அறையில் ஓர் அம்மாள் இருக்கிறார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நாளெல்லாம் வெளிச்சப் பலகைக்கு முன்னால் குனிந்திருப்பார். நேற்று என் சாமான்களை எடுக்கப் போனபோது அவரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கழித்துப் போட்ட சுருளையெல்லாம், அதிலிருக்கும் வெள்ளியைக் கழுவி எடுக்கிற ஆளுக்கு எடை போட்டு அனுப்பிவிடுவார்கள். அவர் எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்தார். “மூணாவது தடவ எடுத்தது. வெட்டும்போது எனக்கே தாங்கல. எடைக்குப் போட மனசு வரல” என்றார்.

நான் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. அப்போது என் வாயில் என்ன வந்தது என்று எனக்கு நினைவே இல்லை. ‘அம்மா’ என்று கத்தியது மட்டும் தெரியும். செருப்பைவிட மோசமாக எதையாவது உளறியிருக்கலாம். ‘சீக்கிரம் முடிங்க, வண்டி போயிரும்’ என்று இயக்குநரிடம் கெஞ்சியிருக்கலாம். அப்படி இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

நீ பார். பார்த்ததை வைத்து முடிவு செய். வேண்டாம் என்றால் பதில் எழுத வேண்டாம். ஜூலை முடிந்ததும் பெரியம்மா நடிகையின் வீட்டில் ஒரு மூலையில் தங்கிக்கொள்வேன்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

பெட்டி புதன்கிழமை வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். ‘பெற்றுக்கொள்ள விருப்பமில்லை’ என்று எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். துண்டறிக்கை விஷயமாக ஆபரேட்டரை எனக்குத் தெரியும். புதுப் பேசும் இயந்திரம் வந்த பிறகு பழைய கைமெஷினை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். துடைத்து, எண்ணெய் விட்டு, சுருளை மாட்டினார். கீழே ஒரு பெண் நாற்காலிகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய அரங்கத்தில் நான் ஒருத்திதான் உட்கார்ந்தேன்.

முதலில் இடவலம் மாற்றி மாட்டிவிட்டார். பரவாயில்லை என்று கையாட்டினேன். ஈய எழுத்தை நாளெல்லாம் திருப்பிப் படிக்கிறவளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா? ஆனால் வேகமாகச் சுற்றிவிட்டார். மெதுவாக என்றேன். ஐந்து தடவை ஓட்டினோம். நாற்பது விநாடிகூட இல்லை.

கேமராக்காரர் சொன்னது சரிதான். மூஞ்சி கோணித்தான் இருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது. நம் வீட்டில் அழுவாயே, அந்த முகம். நான் காய்ச்சலிலிருந்து எழுந்து, நீ பேசுவது கேட்கவில்லை என்று சொன்ன அன்று அழுதாயே, அதே முகம்.

முதல் தடவை ‘அம்மா’ மட்டும்தான் பிடிபட்டது. மூன்றாவது தடவை இது: “அவளுக்குக் கேக்காதும்மா. நீ கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதே.”

ஆபரேட்டர் கீழே இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். போதுமா என்று கேட்டார். இன்னும் ஓட்டுங்கள் என்றேன்.

நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அன்று பிற்பகல் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். கயிறு ஈரமாகி மணிக்கட்டை அறுத்தது. அது மட்டும் இல்லை. காலையிலிருந்து அம்மா சும்மா சும்மா இழுத்துக்கொண்டே இருந்தாள். ஓடிப் போய்ப் பார்த்தால் தண்ணீரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. கயிற்றை அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கழுவினேன். பத்துப் பாத்திரம்கூட இருக்காது.

திரும்பிப் போனபோது கயிறு முழுவதும் அவள் கட்டில்மேல் கிடந்தது. இழுத்து இழுத்து, என் பக்கத்து முனையும் அவள் கைக்கு வந்துவிட்டிருந்தது. “உன்னத்தான் கூப்பிட்டாங்க. மூணு தடவ கேட்டுச்சு. நீ கூட இருக்கேன்னு நெனச்சுட்டேன்” என்று சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மா பிறகு சொன்னாள்.

எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். மகள் என்றால் இவள் என்றார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டேன். ஆறு வாரம் கழித்து உன் செருப்பு என் கையில் கிடைத்தது. உன்மேல் கோபப்படுகிறவரை என்னைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடம் அதைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளிவிட்டேன். நீயாவது வண்டி ஏறவில்லை. நான் பக்கத்து அறையில் இருந்தேன், அக்கா.

ஐந்தாவது தடவைதான் கடைசிச் சொற்கள் பிடிபட்டன. தலையைக் குனிந்து அந்தப் பெரியம்மாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கு முன்னால் சொல்கிறாய்: “அவ மேல கோவப்படாதம்மா.”

நான் எனக்காகக் கேட்க முடியாமல் இருந்த மன்னிப்பை அதே பிற்பகலில் நீ கேட்டிருக்கிறாய். உனக்கே நினைவில்லாமல் கேட்டிருக்கிறாய். அதைத்தான் அழகாக இல்லை என்று கழித்துப் போட்டார்கள். பெட்டியை அம்மாவின் அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுப்புக்கு ரொம்ப தூரத்தில்.

தையல்காரியிடம் அறை இல்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உன் குரல் நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தாய். என்னிடம் இருப்பது ஒன்பது வயதுக் குரல். கொஞ்சம் கீச்சென்று இருக்கும். அதில் எந்தக் குறையும் இல்லை, யார் சிரித்தாலும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வா. பெஞ்சில் உட்கார்ந்துவிடாதே. அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன், வாசனை போக இரண்டு நாளாகும். கதவைத் தட்டாதே, வாசல் கயிற்றை இழு. அன்று ஒரு நாள் சிவப்புத் துணியைக் கழற்றிவிட்டு கயிற்றின் மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ வரும்வரை அவிழ்க்க மாட்டேன்.

உன் பொடிசு